வெயில் ஊரில் வைட்டமின் டி குறையுமா? பிள்ளையின் மூளை, பேச்சு, நடத்தை பற்றித் தாய்மார்கள் கேட்கும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட்டிலும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும் தாய்சேய் கவனிப்பில் இருக்கும் தாதி நான். "கர்ப்பத்தில் வைட்டமின் டி குறைந்தால் பிள்ளைக்கு ஆட்டிசம் வரும், டி கொடுத்தால் சரியாகிவிடும்" என்று கைப்பேசியில் ஒரு செய்தி சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதைப் படித்துவிட்டுச் சிலர் அழுதுகொண்டு வருகிறார்கள். சிலர் கையில் மருந்துப் பாட்டிலோடு வருகிறார்கள். அவர்கள் கேட்பதையும் நான் சொல்வதையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

மிஸ்ஸி, வருசம் பூரா வெயில் கொளுத்துற ஊர்ல இருக்கோம். நமக்கு எப்படி டி குறையும்?

குறைகிறது, அதுவும் நம் பிள்ளைகளிடம் அதிகமாகவே. 2010, 2011 ஆண்டுகளில் மலேசியா முழுவதும் 6 மாதம் முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைகளைச் சோதித்த 'சீநட்ஸ்' ஊட்டச்சத்து ஆய்வில், ரத்தம் எடுத்துப் பார்த்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு டி போதவில்லை என்று தெரிந்தது. 2012இல் பேராக், சிலாங்கூர், கோலாலம்பூர் பள்ளிகளில் 13 வயதுப் பிள்ளைகளின் ரத்தத்தைப் பார்த்தார்கள். அதில் இந்தியப் பிள்ளைகளில் 10 பேருக்கு ஏறக்குறைய 9 பேரிடம் குறைபாடு. பெண்பிள்ளைகளின் நிலை பையன்களைவிட மோசம்.

வெயிலில் உள்ள யுவிபி என்ற கதிர் தோலில் நேரடியாகப் பட்டால்தான் உடம்பு டி தயாரிக்கும். நம் தோலின் கருமை நிறமி அந்தக் கதிரைத் தடுப்பதால், வெள்ளைத் தோலுக்குத் தேவையான நேரத்தைப்போல் பல மடங்கு நமக்கு வேண்டும். வாழ்க்கையும் மாறிவிட்டது. லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், இருந்த காலத்தில் பிள்ளைகள் வாசலிலேயே கிடந்தார்கள். இப்போது தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடு, கதவுக்குக் கிரில், உள்ளே டிவி. பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டும் அம்மாவைப் பாருங்கள்: கொசுவுக்குப் பயந்து முழுக்கைச் சட்டை, காலுறை, தலையில் துண்டு. விடிகாலை பெரட்டுக்கு (வேலைக்குப் பெயர் கூப்பிடும் இடத்துக்கு) போய், மர நிழலிலேயே வேலை முடித்து வருகிறார். தோட்டத்தில் வேலை பார்ப்பவருக்குக்கூடத் தோலில் வெயில் படுவது நாம் நினைப்பதைவிடக் குறைவு.

காலை இளவெயில்ல பிள்ளைய தூக்கிட்டு நிக்கிறேன். அது போதாதா?

பாட்டி காலத்திலிருந்து வரும் பழக்கம். பிள்ளையோடு வெளியே நிற்பது நல்லதுதான், ஆனால் அதில் டி ஏறக்குறைய கிடைக்காது. சூரியன் தாழ்வாக இருக்கும்போது கதிர் காற்று மண்டலத்தைச் சாய்வாகக் கடந்து வருகிறது. யுவிபி வழியிலேயே வடிகட்டப்பட்டுவிடும்.

நம் ஊரில் கடிகாரமும் ஏமாற்றும். 1982 ஜனவரி 1 முதல் தீபகற்பத்தின் நேரத்தை அரை மணி முன்னே தள்ளி சபா, சரவாக்கோடு ஒன்றாக்கினார்கள். அதனால் சுங்கை சிப்புட்டில் சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கு அல்ல, ஏறக்குறைய 1.15க்கு. கடிகாரம் 8 காட்டும்போது சூரியக் கணக்கில் 7 மணிகூட ஆகியிருக்காது. பள்ளி பஸ் இருட்டில் வருகிறது. சபை கூடும் நேரத்து வெயில் முகத்தில் கூசும், அவ்வளவுதான்.

நிழலைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். உங்கள் நிழல் உங்களைவிட நீளமாக இருந்தால் டி தயாராவது மிகக் குறைவு. உங்களைவிடக் குட்டையாகிவிட்டால் யுவிபி போதுமான அளவு வருகிறது. இங்கே அது காலை ஏறத்தாழ பத்தேகால் முதல் மாலை நாலேகால் வரை. 11 மணியிலிருந்து 3 மணி வரை சுட்டெரிக்கும் என்பதால், அந்த இடைவெளியின் இரண்டு ஓரங்களே பிள்ளைகளுக்கு ஏற்றவை. கை, கால் திறந்திருக்க, வாரத்தில் சில நாள், கால் மணி முதல் அரை மணி நேரம் விளையாடட்டும். தோல் எரியும்வரை நிற்க வேண்டாம். புகைமூட்டக் காலத்தில் இந்தக் கணக்கு செல்லாது, பிள்ளையை உள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி யுவிபியைத் தடுத்துவிடும், எனவே சன்னலோர வெயிலும் கணக்கில் வராது.

எலும்புக்குத்தான் டின்னு கேள்விப்பட்டிருக்கேன். மூளைக்கும் அதுக்கும் என்ன?

பெயர்தான் வைட்டமின், வேலை ஹார்மோனுடையது. தோலில் உருவாகி, கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் மாற்றம் அடைந்த பிறகு, அது செல்லின் உட்கருவுக்குள் போய், அதைப் பிடித்துக்கொள்ளும் புரதமான ஓர் ஏற்பியோடு சேர்கிறது. பெரட்டில் மண்டோர் (மேற்பார்வையாளர்) பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துவிடுவதுபோல, எந்த மரபணு இப்போது வேலை செய்ய வேண்டும், எது சும்மா இருக்க வேண்டும் என்பதில் அதற்குப் பங்கு உண்டு.

அந்த ஏற்பி மூளையிலும் இருக்கிறது. டியைச் செயல்படும் வடிவத்துக்கு மாற்றும் நொதியும் மனித மூளையிலேயே இருப்பதை 2005இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர் டேரில் ஐல்ஸ் குழுவினர் காட்டினார்கள். மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸிலும், டோபமின் நரம்புகள் பிறக்கும் கருநிறப் பகுதியிலும் அவை அதிகம். ஊக்கம், கவனம், அசைவு மூன்றிலும் டோபமினுக்குப் பங்கு உண்டு.

அதே குழு 2003இல் எலிகளிடம் பார்த்தது இன்னும் தெளிவானது. டி இல்லாத உணவு தின்ற தாய் எலிகளின் குட்டிகளுக்கு மூளையின் வடிவமே மாறியிருந்தது. உள்ளே திரவம் நிற்கும் அறைகள் பெருத்திருந்தன, மேற்புறணி மெலிந்திருந்தது, நரம்பு வளர்ச்சிக்கு உதவும் புரதங்கள் குறைந்திருந்தன. ஆகவே வளரும் மூளைக்கும் டிக்கும் தொடர்பு உண்டு என்பது வெறும் வதந்தி இல்லை. ஆனால் அந்த எலிகளுக்கு டி முழுக்க நிறுத்தப்பட்டது. நம் ஊர்த் தாய்மாருக்கு இருப்பது பெரும்பாலும் பாதிக் குறைபாடு. எலிக்கு நடந்தது அப்படியே நமக்கும் நடக்கும் என்று சொல்ல முடியாது.

அப்ப கர்ப்பத்துல டி குறைஞ்சா ஆட்டிசம் வருமா, வராதா?

"வரும்" என்று எவரும் நிரூபிக்கவில்லை. "தொடர்பு தெரிகிறது" என்பதே இதுவரை உள்ள உண்மை.

மேற்கு ஆஸ்திரேலியாவில் கர்ப்பத்தின் 18ஆம் வாரம் எடுத்த ரத்தத்தை வைத்து ஓர் ஆய்வு 2012இல் வெளிவந்தது. டி மிகக் குறைவாக இருந்த தாய்மாரின் பிள்ளைகளுக்கு மொழித் தடுமாற்றம் ஏறக்குறைய இரு மடங்கு. அதே பிள்ளைகளிடம் நடத்தைப் பிரச்சினைகளையும் தேடினார்கள், அவற்றோடு தொடர்பு தெரியவில்லை. நெதர்லாந்தின் ரோட்டர்டாமில் 4,000க்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பின்தொடர்ந்த ஆய்வில், கர்ப்பத்தின் நடுப்பகுதியில் டி மிகவும் குறைந்திருந்தால் 6 வயதில் ஆட்டிசம் சார்ந்த குணங்களுக்கான மதிப்பெண் சற்றுக் கூடியிருந்தது. டென்மார்க்கில் பிறந்த பிள்ளைகளின் குதிகாலிலிருந்து எடுத்துச் சேமித்த ரத்தத் துளிகளை வைத்து, பிறப்பில் டி குறைவாக இருந்தவர்களுக்குப் பின்னாளில் மனச்சிதைவு நோய் சற்று அதிகம் வருவதையும் கண்டார்கள்.

இவை எல்லாமே கவனித்துப் பார்த்த ஆய்வுகள். டி குறைவான தாய் வெளியே போகாதவராக இருக்கலாம், உடல் எடை கூடியவராக இருக்கலாம், சத்தான உணவு வாங்க முடியாதவராக இருக்கலாம். பிள்ளையிடம் தெரியும் மாற்றத்துக்கு இவற்றில் எது காரணம் என்று பிரிப்பது மிகக் கடினம். அதனால்தான் மருந்து கொடுத்துப் பார்க்கும் சோதனை வேண்டும். டென்மார்க்கில் அதைச் செய்தார்கள். கர்ப்பத்தின் 24ஆம் வாரம் முதல் ஒரு பாதித் தாய்மாருக்கு நாளுக்கு 2,800 அலகு (மருந்துப் பாட்டிலில் ஐயூ என்று போட்டிருக்கும்), மறுபாதிக்கு 400. 6 வயது வரை பார்த்ததில் பிள்ளைகளின் அறிவு, மொழி, நடமாட்ட வளர்ச்சியில் வித்தியாசம் இல்லை. 24ஆம் வாரத்துக்கு முன்பே தொடங்கியிருந்தால் பலன் இருந்திருக்குமா என்ற கேள்விக்கு அந்தச் சோதனையால் பதில் சொல்ல முடியாது.

என் பையனுக்கு மூணு வயசு, பேச்சு வரல. மாசமா இருந்தப்ப நான் வெளியவே போகல. என்னாலதானே மிஸ்ஸி?

இல்லை அம்மா. ஆட்டிசத்தில் மரபணுவின் பங்குதான் மிகப் பெரியது. டியின் பங்கு ஏதாவது இருந்தாலும், மேலே சொன்ன ஆய்வுகளின்படியே அது சிறியது. டி குறைவான தாய்மாரில் மிகப் பெரும்பாலோரின் பிள்ளைகள் பேசி, ஓடி, சண்டைபோட்டு வளர்கிறார்கள். மசக்கையில் படுத்துக் கிடந்ததும், வெயிலுக்குப் பயந்து வீட்டில் இருந்ததும் குற்றம் அல்ல.

மாமியார், நாத்தனார், பக்கத்து வீடு என்று யார் "நீ ஒழுங்கா சாப்பிடல" என்று சொன்னாலும் அதற்கு மருத்துவ ஆதாரம் கிடையாது. கணவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், அவர் முன்னாலேயே இதைச் சொல்கிறேன்.

இப்ப டி சொட்டு மருந்து கொடுத்தா பேச்சு வந்துடுமா?

அதை நம்பிக் காத்திருக்காதீர்கள். இந்த நம்பிக்கை பரவியதற்கு ஒரு காரணம், எகிப்தில் ஆட்டிசப் பிள்ளைகளுக்கு டி கொடுத்து நல்ல பலன் கண்டதாக 2016இல் வெளியான கட்டுரை. அதை வெளியிட்ட மருத்துவ இதழே பின்னர் திரும்பப் பெற்றுக்கொண்டது. நம் கைப்பேசிக்கு வந்த செய்தியை யாரும் திரும்பப் பெறவில்லை. ஆட்டிசப் பிள்ளைகளிடம் டி குறைவாக இருப்பதைப் பல நாடுகளில் பார்த்திருக்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் அந்தப் பிள்ளைகள் உணவில் தேர்ந்தெடுத்துத்தான் சாப்பிடுவார்கள், பல பேர் வெளியே போக மறுப்பார்கள். குறைபாடு காரணமாக இல்லாமல் விளைவாகவும் இருக்கலாம்.

எனக்கு மிகவும் கவலை தருவது கையைவிட்டுப் போகும் மாதங்கள். "இந்தப் பாட்டில் முடியட்டும், பார்ப்போம்" என்று காத்திருக்கிறார்கள். இரண்டு வயதுக்கும் நான்கு வயதுக்கும் இடைப்பட்ட காலம் பேச்சுப் பயிற்சிக்கு விலைமதிப்பில்லாதது. அரசாங்க கிளினிக்குகளில் 18 மாதத்திலும் 3 வயதிலும் ஆட்டிசத்தின் அறிகுறிகளைத் தேடும் 'எம்-சேட்' என்ற கேள்விப் பட்டியலை நிரப்பச் சொல்வார்கள். பயந்துகொண்டு எல்லாவற்றுக்கும் "ஆமாம், செய்கிறான்" என்று எழுதாதீர்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, வேண்டியதை விரலால் சுட்டிக்காட்டவில்லை என்றால் அப்படியே எழுதுங்கள். முதலில் காது கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு பேச்சுப் பயிற்சி, தேவைப்பட்டால் சமூகநலத் துறையின் கீழுள்ள பிடிகே என்ற மறுவாழ்வுப் பயிற்சி மையம், ஓகேயு என்ற மாற்றுத்திறனாளி அட்டை. அட்டை எடுத்தால் பிள்ளைக்கு முத்திரை குத்தியதுபோல ஆகிவிடும் என்று தயங்குகிறார்கள். அந்த அட்டை உதவிக்கு வழி திறப்பதற்குத்தான். டி குறைவாக இருந்தால் அதையும் கூடவே சரிசெய்வோம், எலும்புக்காக.

ஒரு இடத்துல உக்கார மாட்டான், எதுக்கெடுத்தாலும் எரிச்சல். டி குறைச்சலா இருக்குமோ?

இருக்கலாம், ஆனால் நான் முதலில் பார்ப்பது ரத்தசோகையை. இரும்புச்சத்துக் குறைவு கவனத்தையும் கற்றலையும் பாதிப்பதற்கு ஆதாரம் டியைவிட வலுவானது. கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் சில பிள்ளைகளுக்கு வெளிறியே இருக்கும். அடுத்து தூக்கம்: காலையில் இருட்டிலேயே பள்ளிக்குக் கிளம்ப வேண்டிய பிள்ளை இரவு 11 வரை கைப்பேசியோடு இருந்தால், எந்த வைட்டமினும் உதவாது. கவனச் சிதறல் உள்ள பிள்ளைகளுக்கு மருந்தோடு டியும் சேர்த்துக் கொடுத்த சில சிறிய சோதனைகளில் ஓரளவு முன்னேற்றம் தெரிந்தது. அவை சிறியவை என்பதால் அதை வைத்துச் சிகிச்சையை மாற்றக் கூடாது.

பெரியவங்களுக்கு மனச்சோர்வு வராம தடுக்குமா?

அமெரிக்காவில் 50 வயதுக்கு மேற்பட்ட 18,000க்கும் அதிகமானவர்களிடம் 5 ஆண்டுகள் நாளுக்கு 2,000 அலகு கொடுத்துப் பார்த்தார்கள். 2020இல் முடிவு வந்தது. தடுக்கவில்லை.

அப்ப டி குறைஞ்சா உண்மையிலயே எதுக்குப் பயப்படணும்?

கைக்குழந்தைக்குக் கடுமையான குறைபாடு வந்தால் ரத்தத்தில் கால்சியம் இறங்கி வலிப்பு வரலாம். மூளையை நேரடியாகத் தாக்கும் அவசர நிலை அது. காய்ச்சல் இல்லாமல் வலிப்பு வந்தால் மந்திரிக்க எடுத்துப்போக வேண்டாம், நேரே மருத்துவமனைக்குப் போங்கள். கொஞ்சம் வளர்ந்த பிள்ளைக்கு ரிக்கெட்ஸ்: கால் வளையும், மணிக்கட்டு தடிக்கும், நடப்பது தாமதமாகும், உச்சிக்குழி மூடத் தாமதமாகும். தசை பலவீனத்தில் பிள்ளை நச்சரித்துக்கொண்டே இருக்கும், வீட்டார் அதைப் பிடிவாதம் என்பார்கள்.

தாய்ப்பால் மட்டும் கொடுக்கிறேன். பிள்ளைக்கு டி தனியா வேணுமா?

வேண்டும். தாய்ப்பாலுக்கு ஈடு எதுவும் இல்லை, டி மட்டும் அதில் மிகக் குறைவு. பிரசவத்துக்குப் பிறகு ஒரு மாதத்துக்கும் மேல் தாயும் பிள்ளையும் அறைக்குள்ளேயே இருப்பது நம் வழக்கம். 6 மாதத்துக்குட்பட்ட பிள்ளையை நேர் வெயிலில் காட்டுவதும் சரியில்லை. ஆகவே சொட்டு மருந்துதான் வழி. மலேசிய ஊட்டச்சத்துப் பரிந்துரையின்படி ஒரு வயது வரை நாளுக்கு 400 அலகு, அதாவது 10 மைக்ரோகிராம். பால்மாவு குடிக்கும் பிள்ளைக்கு அதிலேயே டி சேர்த்திருப்பார்கள், டின்னைப் படித்துப் பாருங்கள்.

பாட்டிலை வாங்கியதும் ஒரு விஷயத்தைக் கட்டாயம் பாருங்கள். சில மருந்தில் ஒரு மில்லிக்கு 400 அலகு. சில மருந்தில் ஒரே ஒரு சொட்டுக்கு 400 அலகு. இரண்டாவது வகையை வாங்கிவிட்டு, முதல் வகையின் கண்ணாடிக் குழாயால் ஒரு மில்லி உறிஞ்சிக் கொடுத்தால் ஒரு நாளிலேயே பல மடங்கு போய்விடும். இந்தத் தவறு பற்றி அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2010இல் எச்சரிக்கையே விட்டது. பிள்ளையைப் பாட்டி பார்த்துக்கொள்கிறார் என்றால், எத்தனை சொட்டு என்று தமிழில் எழுதிப் பாட்டிலில் ஒட்டிவிடுங்கள்.

கர்ப்பமா இருக்கேன். நான் எவ்வளவு எடுக்கணும்?

கர்ப்பிணிக்குப் பரிந்துரை நாளுக்கு 600 அலகு. ஒரு வயதைத் தாண்டிய பிள்ளைக்கும் அதே அளவுதான். கர்ப்பிணிகள் எல்லாருக்கும் கட்டாயம் வேண்டியதில்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது, கொடுப்பது நல்லது என்று அமெரிக்க நாளமில்லாச் சுரப்பியியல் சங்கம் 2024இல் சொன்னது. என் கருத்து இது: கருநிறத் தோல், மூடிய உடை, வீட்டுக்குள் வேலை என்றால் 600 அலகு எடுத்துக்கொள்வது பாதுகாப்பானது. மலிவானதும்கூட. கிளினிக்கில் தரும் சத்து மாத்திரையில் ஏற்கெனவே டி இருக்கலாம், கேட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். மருத்துவர் சொல்லாமல் 4,000 அலகைத் தாண்டாதீர்கள். மீன் ஈரல் எண்ணெயில் வைட்டமின் ஏயும் நிறைய இருக்கும், அது கூடினால் கருவுக்கு ஆபத்து. கர்ப்பத்தில் அதைத் தவிருங்கள்.

சாப்பாட்டிலேயே சரி பண்ண முடியாதா?

ஓரளவுக்குத்தான். கெம்போங் மீன் (கானாங்கெளுத்தி), டின் சாடின், முட்டை மஞ்சள் கரு, டி சேர்த்த பால். இரண்டு முட்டையின் கருவைச் சேர்த்தாலும் 100 அலகு வராது. சைவ வீடுகளில் டி சேர்த்த பாலை விட்டால் வழி குறைவு.

பொண்ணு வெயில்ல வெளையாடினா கறுத்துப் போறா. நாளைக்கு எவன் கட்டுவான்?

இந்தக் கேள்வியைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு வலிக்கும். 13 வயதுப் பெண்பிள்ளைகளில் இவ்வளவு பேருக்குக் குறைபாடு இருப்பதற்கு இந்தப் பயமும் ஒரு காரணம் என்றுதான் நினைக்கிறேன். தம்பி சாயங்காலம் திடலில் பந்து உதைக்கிறான், அக்கா பாத்திரம் கழுவிவிட்டு உள்ளே இருக்கிறாள். அந்த வயதில்தான் அவள் எலும்பு வேகமாக இறுகுகிறது. பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து அவள் கர்ப்பிணியாக நம் கிளினிக்குக்கு வரும்போது, அவள் உடம்பில் இருக்கும் டிதான் பிள்ளைக்கும் போகும். அவளையும் திடலுக்கு அனுப்புங்கள். தோல் கறுத்தால் கறுக்கட்டும், அந்த நிறத்துக்கு ஒரு குறையும் இல்லை.

வலிப்பு மருந்து சாப்பிடுற பிள்ளைக்கு?

ஃபீனோபார்பிட்டோன், ஃபெனிட்டாயின், கார்பமசிபின் போன்றவை உடம்பில் உள்ள டியை வேகமாகக் கரைத்துவிடும். மருந்தை நிறுத்தாதீர்கள். டி அளவைப் பார்க்கும்படி மருத்துவரிடம் கேளுங்கள்.

அதிகமா கொடுத்துட்டா?

கால்சியம் ஏறும். வாந்தி, மலச்சிக்கல், அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், பிள்ளை சோர்ந்து படுத்துவிடும். சிறுநீரகம் கெடலாம். சந்தேகம் வந்தால் சொட்டு மருந்தை நிறுத்திவிட்டு அன்றைக்கே வாருங்கள். வெயிலால் மட்டும் இந்த நிலை வராது, உடம்பே உற்பத்தியைக் கட்டுப்படுத்திக்கொள்ளும்.

எல்லாரும் ரத்தம் எடுத்துப் பாக்கணுமா?

வேண்டாம். கால் வளைவு, வலிப்பு, வலிப்பு மருந்து, கல்லீரல் அல்லது சிறுநீரக நோய், மிகக் குறைந்த உணவு வகைகளையே தொடும் பிள்ளை என்று காரணம் இருந்தால் எடுப்போம். தனியார் இடத்தில் எடுத்தால் காகிதத்தில் அலகைப் பாருங்கள்: லிட்டருக்கு 50 நானோமோல் என்பதும் மில்லிக்கு 20 நானோகிராம் என்பதும் ஒன்றுதான், போதுமான அளவின் கீழ்க்கோடு அது. நானோகிராமில் 20 என்று வந்த காகிதத்தை நானோமோல் என்று நினைத்துப் பயப்படுகிறவர்கள் உண்டு.

பேச்சு, நடத்தை பத்திக் காட்ட வர்றப்ப என்ன கொண்டு வரணும்?

உங்கள் கர்ப்பகால பிங்க் புத்தகம், பிள்ளையின் சுகாதாரப் புத்தகம், இப்போது கொடுக்கும் சொட்டு மருந்து, சத்து மாவு எல்லாம் பாட்டிலோடும் டின்னோடும். பெயரை எழுதி வந்தால் போதாது, அளவைப் பார்க்க வேண்டும். பிள்ளை வீட்டில் விளையாடுவதையும், கூப்பிட்டால் என்ன செய்கிறான் என்பதையும் கைப்பேசியில் படம் பிடித்து வாருங்கள். கிளினிக்கில் புது முகங்களைப் பார்த்ததும் பாதிப் பிள்ளைகள் அழத் தொடங்கிவிடுவார்கள், அப்போது எதையும் கவனிக்க முடியாது. பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்பவர் பாட்டியோ பெரியம்மாவோ, அவரையும் கூட்டிவாருங்கள். பல கேள்விகளுக்கு அவருக்குத்தான் பதில் தெரியும்.